ஐயமும் நம்பிக்கையும்

தம்பலகாமத்து நெல்வயல்களின் நடுவே ஆதி கோணைநாயகர் திருக்கோயில் இருக்கின்றது. வயல் சூழ்ந்த இக்கோயிலின் வரலாறோ கடலோரத்திலே, திருக்கோணமலையின் மலையுச்சியிலே தொடங்குகின்றது. திருஞானசம்பந்தர் பதிகம் பெற்ற கோணேசர் ஆலயம் அங்கேதான் நின்றது. 1620களில் போர்த்துக்கேயத் தளபதி கொன்ஸ்தந்தீனு த சா அதனை இடிப்பித்தான். கோயிற் கற்கள் கோட்டை மதிலாயின. தூண்கள் சில கடலுள் வீழ்ந்தன. அடியார்கள் மறைத்துக் காத்த திருமேனிகளுட் சில பல இடங்களில் ஒளித்து வைக்கப்பட்டு, இறுதியில் தம்பலகாமத்தில் எழுந்தருளின என்பது வழிவழி வந்த செய்தி.

நேயர்களே, அவ்வழிவைக் கண்ணாரக் கண்ட ஓர் அடியவனின் உள்ளத்தில் என்ன வினா எழுந்திருக்கும்? தன் கோயிலையே காத்துக்கொள்ளாத இறைவன் என் குடிலை எவ்வாறு காப்பான்? அப்படி ஒருவன் உண்மையிலேயே உளனோ? இது வம்புக்காக எழுந்த வினா அன்று; நோவிலே பிறந்த வினா. பிள்ளையைப் பறிகொடுத்த தாயும், விளைந்த பயிரை வெள்ளத்துக்கு இழந்த உழவனும் இன்றும் கேட்கும் வினா இதுவே.

இவ்வினாவைக் கேட்டவுடன் சிலர் வாயைப் பொத்துகின்றனர். "கேளாதே, நம்பு, கேட்பது பாவம்" என்கின்றனர். இக்கட்டளை நம் சமய மரபுக்கு இசைந்ததுதானா என்பதே இன்று நாம் சிந்திக்க வேண்டிய பொருள்.

மணிமேகலைக் காப்பியத்தை எடுத்துக்கொள்வோம். அதன் தலைவி வஞ்சி மாநகரிலே பல சமயவாதிகளை அணுகி, அவரவர் கொள்கையைக் கேட்டறிகிறாள். கண்ணுக்குப் புலனாவதையன்றிப் பிறிதொன்றையும் ஏற்காத பூதவாதியும் அவர்களுள் ஒருவன். பௌத்த அறம் பேச வந்த காப்பியம் அவனுக்கும் இடமளித்தது. பின்னர், 13ஆம் நூற்றாண்டில், அருணந்தி சிவாசாரியார் சிவஞான சித்தியாரை இயற்றினார். அந்நூலின் பரபக்கத்திலே பிற மதங்களை வரிசைப்படுத்தும்போது, கடவுளும் இல்லை, மறுமையும் இல்லை என்னும் உலகாயதனையே முதலில் நிறுத்தினார். அவனை மறுப்பதே ஆசிரியர் கருத்து; எனினும் மறுப்பதற்கு முன் அவன் வழக்கை எடுத்துரைத்த பிறகே விடை கூறினார். மேலும், அறிவைப் பெறும் வழிகளாகிய காட்சி, கருதல், உரை என்னும் அளவைகளை ஆராய்ந்த பின்னரே தம் கொள்கையை நிறுவப் புகுந்தார். குருட்டு நம்பிக்கை ஒன்றே போதுமெனில் அளவை எதற்கு? பரபக்கந்தான் எதற்கு?

இலங்கையில் நம்மோடு வாழும் பௌத்தரின் மரபும் இதற்கு வேறன்று. கேள்வியினால் மட்டும், மரபினால் மட்டும், நூலிற் கூறியிருப்பதனால் மட்டும், ஆசான் சொன்னதனால் மட்டும் ஒன்றை ஏற்றுக்கொள்ள வேண்டாம் என்று காலாமர்க்குப் புத்தர் உரைத்ததாக அங்குத்தர நிகாயம் கூறுகின்றது.

இனி, நம் காலத்துக்கு அண்மையில் வாழ்ந்த ஓர் ஐயவாதியை நோக்குவோம். கேரளத்தில் 1898இல் பிறந்த ஆபிரகாம் கோவூர் 1928இல் இலங்கைக்கு வந்து, யாழ்ப்பாணம் மத்திய கல்லூரியில் ஆசிரியரானார். பின்னர் கொழும்பிலும் தாவரவியல் கற்பித்தார். ஓய்வு பெற்ற பின்பு பேய், பில்லி, சூனியம், சோதிடம் என்பவற்றை ஆராய்வதிலே காலத்தைச் செலவிட்டார். ஏமாற்றுக்கு இடமில்லாத சோதனையில் தெய்வீக ஆற்றலை மெய்ப்பிப்பவர்க்கு ஓர் இலட்சம் ரூபா அளிப்பதாக 1963இல் அறைகூவினார். 1978இல் அவர் மறையும் வரையிலும் அப்பணத்தை வென்றவர் எவருமிலர். கோணேசர் கோயில் புதுக்கப்பட்டுக் குடமுழுக்குக் கண்டதும் அதே 1963ஆம் ஆண்டிலேதான். ஒரே நாட்டில், ஒரே ஆண்டில், இவ்விரண்டும் நிகழ்ந்தன.

இவற்றுள் ஒன்று மற்றதை அழித்துவிட்டதா? இல்லை. அற்புதம் காட்டுவேன் என்பவனின் கைச்சரக்கு வெளிப்பட்டால் அவன் பொய்யன் என்பது தெளிவாகும். அதனால் இறைவன் இல்லையென்பது முடிவாகாது. அவ்வாறே, இறைவன் உளன் என்று ஒருவர் உறுதியாகக் கொள்வதனால், அவன் பெயரைச் சொல்லிப் பணம் பறிப்பவன் மெய்யனாகிவிடமாட்டான். இந்த வேறுபாட்டை மறைப்பதிலேதான் போலிச் சாமியாரின் பிழைப்பு இருக்கின்றது. "என்னை ஐயுறுவது கடவுளை ஐயுறுவது" என்று அவன் மிரட்டுகின்றான். கேள்வி கேட்கக் கூடாதென்று சிறுவயது முதல் பழக்கப்பட்ட நெஞ்சம் அம்மிரட்டலுக்கு எளிதில் இரையாகின்றது. பிணி கொண்ட பிள்ளையை மருத்துவமனைக்குக் கொண்டுசெல்லாது மந்திரிப்பவன் வாசலிற் காத்திருந்து இழப்பவர், குருட்டு நம்பிக்கைக்குக் கொடுக்கும் விலை சிறிதன்று.

"நம்பிக்கையின்றி வாழ்வு ஏது? குழந்தை தாயை ஆராய்ந்தா நம்புகிறது?" என்று கேட்கலாம். நல்ல கேள்வியே. ஆனால், குழந்தையின் நம்பிக்கை குருடன்று. பசித்தபோதெல்லாம் பாலூட்டிய கையை அது அறியும். பட்டறிவில் வேரூன்றியது நம்பிக்கை. அச்சத்தில் வேரூன்றியது குருட்டு நம்பிக்கை. ஐயவாதிக்கும் இவ்வளவுகோல் பொருந்தும். தான் எண்ணிப் பாராது, யாரோ ஒருவர் "இல்லை" என்றதைத் திருப்பிச் சொல்பவனும் கண்ணை மூடிக்கொண்டு நடப்பவனே.

தம்பலகாமத்து உழவர் வாழ்வு இதனை நன்கு விளக்கும். அவர்தம் வயல்களுக்கு நீர் தருவது கந்தளாய்க் குளம். அது குளக்கோட்டு மன்னன் கட்டியது என்பது ஐதிகம். அணையின் காவலுக்காகத் தெய்வத்தை வேண்டி வேள்வி செய்யும் வழக்கமும் இருந்து வந்தது. 1986 ஏப்ரல் 20ஆந் திகதி அவ்வணை உடைந்தது. நூற்றுக்கு மேற்பட்டோர் உயிரிழந்தனர். அன்றும் பழைய வினா எழுந்தது: எங்கே இருந்தான் இறைவன்? அதற்கு எளிய விடை எவரிடமும் இல்லை. அத்துயரத்தின் முன் விடையிருப்பதாக நடிப்பதும் அறமன்று. ஆனால், ஒன்று துணிந்து கூறலாம். வேள்வி செய்பவனும் அணையிலே கசிவு உண்டா என்று பார்த்தே ஆகவேண்டும். பார்ப்பது தெய்வ நிந்தையாகாது.

கோணேசர் திருமேனிகளின் வரலாறும் இதையே காட்டுகின்றது. 1950இல் திருக்கோணமலை நகரிலே கிணறு தோண்டியபோது சோமாஸ்கந்தர் முதலிய திருமேனிகள் மண்ணிலிருந்து வெளிப்பட்டன. அருட்செயல் என்றார் அடியார். அவற்றை மண்ணுள் மறைத்த கைகள் மனிதக் கைகளே என்பார் ஐயவாதி. இரு கூற்றும் ஒருங்கே நிற்கக்கூடும். "இறைவன் தானே காத்துக்கொள்வான்" என்று அம்மனிதர் கைகட்டி நின்றிருப்பின், திருமேனிகளும் உருக்குலைந்து போயிருக்கும். அவர்கள் பக்தி உடையவர்கள். ஆயினும் அற்புதத்துக்காகக் காத்திராது, ஆவதை ஆராய்ந்து செய்தவர்கள்.

ஆதலின், நம் இல்லத்துச் சிறுவன் ஒருவன் "கடவுள் உண்மையில் இருக்கிறாரா?" என்று கேட்பானாயின், அவனை அதட்டுதல் ஆகாது. நம்பும் பெற்றோர், தாம் எதனால் நம்புகின்றனர் என்பதைக் கூறுக. நம்பாதோர், எதனால் நம்பவில்லை என்பதைக் கூறுக. அறியாததை அறியோம் எனச் சொல்லுதலும் இழிவன்று. அவன் நாளை அடியவன் ஆகலாம், ஐயவாதியும் ஆகலாம். எதுவாயினும், அச்சத்தினால் அன்றித் தானே எண்ணித் துணிந்து அவன் அந்நிலையை அடைய வேண்டும். அதற்கு வேண்டிய பொறுமையைக் காட்டுவது பெரியோரின் கடன்.