இயந்திரத்துள் ஓர் இயந்திரம்

யாழ்ப்பாணத்துப் பழைய வீடுகளின் வேலி வாயிலிலே சங்கடப்படலை என்னும் ஓர் அமைப்பு உண்டு. சிறு கூரையும் இருமருங்கும் திண்ணையும் உடையது அது. வழிப்போக்கர் அங்கே அமர்ந்து இளைப்பாறுவர். ஆயினும் வீட்டினுள்ளே புகார். இன்று யான் பேச எடுத்துக்கொண்ட பொருளை விளங்கிக்கொள்ள இவ்வமைப்பு உதவும்.

இணையத்தளம் ஒன்றின் பக்கங்களைத் தன்னிடம் வைத்திருந்து, கேட்போருக்கு எடுத்தளிக்கும் கணினியை வழங்கி என்கிறோம். அது பெருநிறுவனங்களுக்கே உரியதென எண்ணுவோர் பலர். உண்மை அதுவன்று. உலகின் முதல் இணைய வழங்கி, 1990ஆம் ஆண்டின் இறுதியில், சேர்ன் ஆய்வுகூடத்தில், ரிம் பேர்ணர்ஸ் லீ என்பாரின் மேசைக் கணினியிலேயே இயங்கிற்று. அதனை நிறுத்தலாகாதென்று சிவப்பு மையால் எழுதிய துண்டொன்றும் அதன்மேல் ஒட்டப்பட்டிருந்தது. ஆதலின், ஊர்ச் சங்கத்தின் பதிவுகளையோ மாணவரின் கட்டுரைகளையோ வெளியிட விரும்பும் ஒருவர், தம் வீட்டுக் கணினியையே வழங்கியாக்கலாம்.

ஆனால், அதற்கென வீட்டின் இணையத் திசைவியிலே வாயில் திறத்தல் வேண்டும். 80, 443 என்னும் இலக்கங்களுடைய வாயில்களே வழக்கமாகத் திறக்கப்படுவன. திறந்த வாயிலை நாடி வருவோர் வாசகர் மட்டுமல்லர். பழுதுள்ள மென்பொருளைத் தேடி இடையறாது அலையும் தன்னியக்க நிரல்களும் வரும். வழங்கியிலுள்ள பழுதொன்றின் வழியே தீயோர் புகுந்தால், நம் கடிதங்களும் வங்கி விபரங்களும் உள்ள அதே கணினியிலன்றோ அவர் நிற்பார்?

இங்கேதான் மெய்நிகர் இயந்திரம் துணைசெய்கிறது. அஃது ஒரு கணினிக்குள்ளே மென்பொருளால் அமைக்கப்படும் இன்னொரு கணினி. அதற்கெனத் தனி இயங்குதளமும் நினைவகப் பங்கும் உண்டு. அதன் வட்டு எனப்படுவது, உண்மையில் வெளிக்கணினியிலுள்ள ஒரு பெருங்கோப்பே. இக்கருத்துப் புதியதன்று. 1960களிலேயே ஐ.பி.எம். நிறுவனத்தார், விலையுயர்ந்த ஒரே இயந்திரத்தைப் பலரும் தத்தமக்குரியதுபோற் பயன்படுத்த இம்முறையை வகுத்தனர். இன்று வேர்ச்சுவல்பொக்ஸ் போன்ற மென்பொருள் இலவசமாகவே கிடைக்கின்றது. எளிய தளமாயின், ஒன்றிரண்டு கிகாபைற் நினைவகம் போதும். வழங்கியை இதனுள் வைத்தால், அது சங்கடப்படலைபோல் நிற்கும்; வந்தவர் வீட்டுக்கு வெளியே நிற்பர்.

எனினும், படலை கட்டியவுடன் கவலை தீர்ந்ததென்று உறங்குதல் ஆகாது. உள்ளியந்திரமும் வீட்டின் வலையமைப்பிலேயே இணைந்திருப்பின், அதனைக் கைப்பற்றியவர் அங்கிருந்து ஏனைய கணினிகளை நாடுவர். அதனைத் தடுக்கும் தீச்சுவர் விதிகள் உள்ளியந்திரத்துக்கு வெளியே இருத்தல் வேண்டும். உள்ளே வைத்த விதியை உட்புகுந்தவர் மாற்றிவிடக்கூடும். வெளிக்கணினியின் கோப்புறைகளை அதனோடு பகிர்ந்துகொள்வதும் தவிர்க்கத்தக்கது.

சுவரிலும் துளை விழுவதுண்டு. 2015ஆம் ஆண்டிலே வெனம் எனப் பெயர்பெற்ற பழுதொன்று வெளிப்பட்டது. வழக்கொழிந்த நெகிழ்வட்டைக் கையாளும் பகுதியிலே, 2004ஆம் ஆண்டு முதல் ஒருவர் கண்ணிலும் படாது கிடந்த பழுது அது. அதன்வழி உள்ளியந்திரத்தினின்று வெளிக்கணினிக்குத் தாவ இயலும் என அறியப்பட்டது. ஆகவே, இரு கணினிகளின் மென்பொருளையும் காலந்தோறும் புதுப்பித்தல் கடன்.

இன்னொன்று. உள்ளியந்திரத்தின் ஒரு நேரத்து நிலையைப் பதிந்துவைத்து, பின்னர் அந்நிலைக்கே மீளும் வசதி உண்டு. சோதனை செய்வோருக்கு இது பெரும் நன்மை. ஆனால் அப்பதிவும் அதே வட்டிலேயே கிடப்பதால், வட்டுப் பழுதுற்றால் இரண்டும் ஒருங்கே அழியும். சங்கத்தின் ஐம்பதாண்டுப் பதிவுகள் அவ்வாறு போயின், மீளப் பெறுவது எங்ஙனம்? வேறிடத்திலே ஒரு பிரதி இருத்தல் இன்றியமையாதது.

இம்முயற்சியில் ஈடுபட விரும்புவோர், முதலில் திசைவியின் வாயிலைத் திறவாது, வீட்டாருக்கு மட்டுமே சில வாரம் வழங்கியை இயக்கிப் பழகுக. ஒருமுறை அதனை வேண்டுமென்றே அழித்து, பிரதியிலிருந்து மீட்டுப் பார்க்க. அவ்வாறு மீட்க முடிந்த பின்னரே வெளியாருக்கு வாயில் திறக்கலாம்.