காம்பு பொறுக்கிய கைகளுக்கே மெஷினும்

(தோட்டக் கமிட்டிக் கூட்டத்தில் ஆற்றிய உரை)



போன கிழமை எட்டாம் வகுப்புப் பிள்ளை ஒருத்தி என்னிடம் கேட்டாள்: "டீச்சர், ஸ்டோருக்குக் கெமரா வைத்த மெஷின் வரப்போகுதாம். அம்மாவுக்கு இனி அங்கே வேலை இல்லையா?" அவளுடைய அம்மா பதினெட்டு வருடமாகத் தூளில் காம்பு பொறுக்குகிறவர். என்னால் உடனே பதில் சொல்ல முடியவில்லை.

முதலில் அந்த மெஷின் என்னவென்று பார்ப்போம். கலர் சோர்ட்டர் என்பார்கள். சலித்த தூள் மேலிருந்து மெல்லிசாக வழுக்கி விழும். விழும்போதே கெமரா அதன் நிறத்தைப் பார்க்கும். வெளிறிய காம்போ நாரோ தெரிந்தால், அந்த நொடியே காற்றை ஊதி வேறு பக்கம் தள்ளிவிடும்.

மெஷின் நமக்குப் புதிதல்ல. 1867இல் லூல்கந்துர தோட்டத்தில் ஜேம்ஸ் டெய்லர் 19 ஏக்கரில் தேயிலை போட்டார். ஆரம்பத்தில் அங்கே பங்களா விறாந்தையில் கையால்தான் கொழுந்தை உருட்டினார்கள். பிறகு ரோலர் வந்தது. இன்று அந்த ரோலரை ஓட்டுவதும் நம் ஆட்கள்தான். ஆகவே மெஷின் வேண்டாம் என்று நாம் சொல்லவில்லை. அதன் பக்கத்தில் யார் நிற்பது என்றுதான் கேட்கிறோம்.

அந்த மெஷினுக்குத் தானாக எதுவும் தெரியாது. ஒவ்வொரு தரத் தூளுக்கும் அதைச் சரிசெய்து வைக்க வேண்டும். கண்ணாடியில் தூசி படிந்தால் நல்ல தூளும் காம்போடு போய்விடும். ஒரு பிடி அள்ளிப் பார்த்ததும் அந்தப் பிழையைச் சொல்லக்கூடியவர்கள் காம்பு பொறுக்கிய அக்காமார்தான். எனவே நிர்வாகத்திடம் நாம் கேட்பது இதுதான்: மெஷின் வருவதற்கு முன்பே எங்களோடு பேசுங்கள். யார் யாருடைய வேலை மாறும் என்று எழுத்தில் தாருங்கள். மெஷினை இயக்கும் பயிற்சியை முதலில் இவர்களுக்குக் கொடுங்கள்.

சட்டத்தையும் தெரிந்துகொள்ளுங்கள். ஊழியர்களின் வேலையை முடிவுறுத்துவது பற்றிய 1971ஆம் ஆண்டின் 45ஆம் இலக்கச் சட்டம் ஒன்று இருக்கிறது. 15 பேரோ அதற்கு மேலோ வேலை செய்யும் இடத்தில், ஆள் அதிகம் என்று சொல்லி ஒருவரை நினைத்தபடி நிறுத்த முடியாது. அவருடைய எழுத்துமூலச் சம்மதம் வேண்டும்; இல்லையென்றால் தொழில் ஆணையாளரின் அனுமதி வேண்டும். ஆனால் கடந்த 12 மாதத்தில் 180 நாளாவது வேலையில் இருந்தவருக்குத்தான் இந்தப் பாதுகாப்பு.

இதில் இரண்டு விஷயத்தைக் கவனியுங்கள். ஒன்று, கைக்காசுக்கு வேலை செய்தால் அந்த நாட்களை நிரூபிப்பது கஷ்டம். பெயர் செக்ரோலில் பதிவாகிறதா என்று பாருங்கள். சம்பளச் சிட்டையை எறியாதீர்கள். இரண்டு, நீங்கள் வைக்கும் ஒப்பமே சம்மதமாகிவிடும். வாசிக்கத் தெரியாத கடதாசி என்றால் "தலைவரிடம் காட்டிவிட்டு வருகிறேன்" என்று சொல்லுங்கள். பள்ளிக்கூடத்துக்குக் கொண்டுவந்தால் நானே வாசித்துச் சொல்கிறேன்.

நாளைக்கு அந்தப் பிள்ளைக்கு நான் பதில் சொல்ல வேண்டும். "அம்மாவுக்கு வேலை இருக்கும், மகள்" என்று நான் மட்டும் சொன்னால் அது வெறும் ஆறுதல். இங்கே இருக்கும் எல்லோரும் சேர்ந்து சொன்னால்தான் அது நடக்கும்.