கொல்லையிலே வசம்பு வளர்ப்போம்

(கூட்டமைப்பின் மாதக் கூட்டத்தில் எங்கள் குழு சார்பாகப் பேசியது)



போன கூட்டத்தில் ஒரு அக்கா, "எங்க கொல்லையில வெயிலே சரியா படல, என்னத்த வைக்கிறது?" என்று கேட்டாங்க. வசம்பு வைத்துப் பாருங்க அக்கா.

வசம்பு ஈர நிலத்துச் செடி. இலை வாள் மாதிரி நீளமாக இருக்கும். கசக்கினால் வாசம் வரும். பாதி நாள் நிழல் விழுந்தாலும் வளரும். மண் மட்டும் காயக்கூடாது. அரிசி, காய் கழுவிய தண்ணீர் போய்ச் சேரும் இடம் இதற்குப் பொருத்தம். சோப்புத் தண்ணீர் விடாதீங்க.

கடையில் விற்கும் காய்ந்த வசம்பு முளைக்காது. முளை உள்ள பச்சைக் கிழங்காக வாங்கணும். மழை தொடங்கும்போது, தொழு உரம் கலந்த மண்ணில் 2 அங்குல ஆழத்தில், ஒரு அடிக்கு ஒன்றாக ஊன்றுங்க. தண்ணீர் தேங்கினால் செடிக்கு ஒன்றும் ஆகாது; ஆனா கொசு முட்டையிடும், டெங்கு வரும். அதனால் மண் சேறாக இருந்தாலே போதும். ஏறக்குறைய ஒரு வருஷத்தில் இலை மஞ்சளாகும். அப்போ தோண்டிக் கழுவி, துண்டு போட்டு நிழலில் காய வைக்கலாம்.

இப்போ முக்கியமான சேதி. வசம்புக்குப் 'பிள்ளை வளர்ப்பான்' என்றே பேர் உண்டு. சுட்டு உரசிக் குழந்தை நாக்கில் தடவுவது நம்ம வழக்கம். நாங்களும் அப்படித்தான் வளர்த்தோம். ஆனால் எங்கள் குழுவில் ஒரு பேரக்குழந்தைக்கு, தடவிய அன்றே வாந்தி நிற்கவில்லை. ஆஸ்பத்திரிக்குத் தூக்கிக்கொண்டு ஓடினோம். "என்ன கொடுத்தீங்க?" என்று டாக்டர் கேட்டபோது எங்களுக்கு வாயே வரவில்லை. நல்லவேளை, பிள்ளை தேறிவிட்டது.

வசம்பில் பீட்டா அசரோன் என்ற நச்சுப்பொருள் இருக்கிறது. அமெரிக்காவில் 1968-லேயே இதை உணவில் சேர்க்கத் தடை போட்டுவிட்டார்கள். பிறந்து 6 மாதம் வரை பிள்ளைக்குத் தாய்ப்பால் மட்டும் போதும். கையில் வசம்பு வளையல் கட்டினாலும் பிள்ளை வாயில் வைத்துவிடும். பாட்டிமார்கள் கோபித்தாலும் பக்குவமா எடுத்துச் சொல்லுங்க.

"அப்போ எதுக்கு வளர்க்கணும்?" என்று கேட்பீங்க. விதைக்குத்தான்! ஒரு கிலோ விதைப் பயறுக்கு 10 கிராம் வசம்புப் பொடி கலந்து வைத்தால் வண்டு லேசில் அண்டாது. சமையல் பயறில் கலக்காதீங்க. டப்பாவில் பேர் எழுதி, பிள்ளைகள் கைக்கு எட்டாமல் வையுங்க.

கிழங்கு வேண்டும் சகோதரிகள் எங்கள் குழுவிடம் கேளுங்க, தருகிறோம்.