டிரினிடாட் டொபாகோ: மதராசிகள் கரையேறிய தீவு

தென் அமெரிக்காவின் வெனிசுவேலாக் கரைக்கு மிக அருகில், கரீபியன் கடலின் தென்கோடியில் அமைந்த இரட்டைத் தீவு நாடு டிரினிடாட் டொபாகோ. பரப்பு 5,128 சதுர கிலோமீட்டர். திருவள்ளூர் மாவட்டத்தைப் போல ஏறக்குறைய ஒன்றரை மடங்கு. மக்கள்தொகையோ சுமார் 14 லட்சம்தான். திருவள்ளூர் மாவட்டத்தில் 2011-லேயே 37 லட்சம் பேர் இருந்தார்கள். தலைநகரம் போர்ட் ஆஃப் ஸ்பெயின். ஆட்சி மொழி ஆங்கிலம்.

ஆதிகுடிகள் வாழ்ந்த டிரினிடாடுக்கு 1498-ல் கொலம்பஸ் வந்தார். ஸ்பெயினின் பிடியில் மூன்று நூற்றாண்டுகள் இருந்த தீவை 1797-ல் பிரிட்டன் கைப்பற்றியது. பல ஐரோப்பிய நாடுகளிடம் மாறி மாறிச் சிக்கிய டொபாகோ, 1889-ல் அதனுடன் இணைக்கப்பட்டது.

கரும்புத் தோட்டங்களில் உழைத்தவர்கள் ஆப்பிரிக்க அடிமைகள். 1838-ல் அவர்களுக்கு முழு விடுதலை கிடைத்ததும், தோட்டக்காரர்கள் இந்தியாவில் ஆள் தேடினார்கள். 1845 மே 30 அன்று ஃபாட்டல் ரசாக் என்ற கப்பல் இருநூற்றுக்கும் மேற்பட்டோருடன் கல்கத்தாவிலிருந்து வந்து சேர்ந்தது. 1917 வரை 1,40,000-க்கும் மேற்பட்ட இந்தியர்கள் ஒப்பந்தக் கூலிகளாகக் கொண்டுவரப்பட்டார்கள்.

பெரும்பாலோர் வட இந்தியர்கள். சென்னையிலிருந்தும் சில கப்பல்கள் போயின. அன்று சென்னையில் துறைமுகம் கட்டப்படவில்லை. ஆணி அடிக்காமல் கயிற்றால் பலகைகளைத் தைத்த மசூலாப் படகில் ஏறி, அலையைத் தாண்டி, தள்ளி நங்கூரமிட்ட கப்பலை அடைய வேண்டும். பிறகு நன்னம்பிக்கை முனையைச் சுற்றி மாதக்கணக்கில் பயணம். இப்படிப் போனவர்களை அங்கே 'மதராசி' என்று அழைத்தார்கள்.

நாடு 1962 ஆகஸ்ட் 31-ல் விடுதலை பெற்றது. எரிக் வில்லியம்ஸ் முதல் பிரதமர். 1976-ல் குடியரசானது. 1995-ல் பாஸ்தியோ பாண்டே இந்திய வம்சாவளியின் முதல் பிரதமரானார். 2011 கணக்கெடுப்பில் இந்திய வம்சாவளியினரும் ஆப்பிரிக்க வம்சாவளியினரும் தலா மூன்றில் ஒரு பங்குக்குச் சற்றே மேல். எழுத்தாளர் வி. எஸ். நைபால், கிரிக்கெட் வீரர் பிரையன் லாரா இருவரும் இந்த மண்ணில் பிறந்தவர்கள்.

கரும்பு பின்னுக்குப் போய், எண்ணெயும் இயற்கை எரிவாயுவும் இன்று நாட்டைத் தாங்குகின்றன. கும்மிடிப்பூண்டிக்கு சிப்காட் போல, அங்கே பாயிண்ட் லிசாஸ் தொழிற்பேட்டை. எரிவாயுவிலிருந்து அம்மோனியாவும் மெத்தனாலும் அங்கே தயாராகின்றன. லா பிரேயாவில் சுமார் 100 ஏக்கரில் இயற்கையான தார் ஏரி ஒன்று இருக்கிறது. எண்ணெய்ப் பீப்பாயின் அடித்தகட்டைச் சுத்தியலால் குழிவாகத் தட்டி, சுரம் சேர்த்து உருவாக்கிய ஸ்டீல்பேன் இந்நாடு உலகுக்குத் தந்த இசைக்கருவி.

மே 30 அங்கே இந்தியர் வருகை நாள்; அரசு விடுமுறை. மதராசிகளின் பேரப்பிள்ளைகள் தமிழ் பேசுவதை மறந்துவிட்டார்கள். ஆனால் காளி கோயில் பூசையில் வேப்பிலை உண்டு, மாரியம்மன் உண்டு. அங்கே முழங்கும் பறைக்கு இன்றும் பெயர் 'தப்பு'.