ஆடுகள் காப்பாத்துற காட்சி

இன்னைக்கு ஜெர்மனி நடுவுல இருக்கிற ரோன் மலைப்பகுதி. அங்க வாஸர்குப்பேன்னு ஒரு உச்சி. 950 மீட்டர், ஹெஸன் மாநிலத்திலேயே அதுதான் உயரம்.

நான் போனப்ப ஒரே மூடுபனி. பனிப்போர் கால ராடார் தளத்தோட மிச்சமா நிக்கிற வெள்ளைக் கோளம்கூட கிட்டப் போனப்புறம்தான் தெரிஞ்சது. ஒரு மணி நேரம் கழிச்சுப் பனி விலகிச்சு. கண்ணுக்கெட்டின வரைக்கும் புல்வெளி! மரமில்லாத இந்தச் சரிவுலதான் 1911லயே டார்ம்ஸ்டாட் மாணவர்கள் கிளைடர் பறக்கவிட்டாங்க.

இயற்கையாவே இப்படித்தான்னு நினைச்சேன். இல்லை. ஒரு காலத்துல இது பீச் மரக்காடு. மரம் வெட்டி, ஆடு மாடு மேய்ச்சு, புல் அறுத்து, மனுஷங்க திறந்து வச்ச இடம். மேய்ச்சல் நின்னா புதர் மண்டும், காடு திரும்பும், காட்சி மூடிடும். அதனால கருந்தலை ரோன் ஆடுகள் இன்னும் மேயுது.

ஆபீஸ்ல மூணு வருஷமா எனக்கு மெயின்டனன்ஸ் வேலைதான். 'புதுசா என்ன பண்ணே?'ன்னு கேட்டா பதில் இருக்காது. எதுவும் உடையாம பார்த்துக்கிட்டா யாருக்கும் தெரியாதே! அன்னைக்கு அந்த ஆடுகளை ரொம்ப நேரம் பார்த்துட்டு நின்னேன்.

நீங்க போறப்ப பனி மூடியிருந்தா உடனே இறங்கிடாதீங்க. கொஞ்சம் காத்திருங்க.