வருகை 98 சதவீதம்னா, வராத பிள்ளைங்க யாரு?

இன்னைக்கு கொஞ்சம் கணக்கு பேசப் போறேன், பயப்படாதீங்க.

ஒரு பள்ளியில் 100 பிள்ளைங்க, வருஷத்துக்கு 180 வேலை நாள். 80 பேர் ஒரு நாள்கூட லீவு போடல. மீதி 20 பேர் ஆளுக்கு 18 நாள் வரல. பள்ளியோட சராசரி வருகை எவ்வளவு? 98 சதவீதம்! ரிப்போர்ட்ல பார்த்தா கைத்தட்டத் தோணும். ஆனா அஞ்சுல ஒரு பிள்ளை படிப்புல பின்தங்கிக்கிட்டு இருக்கு.

அமெரிக்கப் பள்ளி மாவட்டங்கள் இந்த ஓட்டையைத்தான் பிடிச்சாங்க. சராசரியை மட்டும் நம்பாம, 10 சதவீத நாளோ அதுக்கு மேலயோ வராத பிள்ளைங்க எத்தனை பேர்னு தனியா எண்ணுறாங்க. காய்ச்சலோ, ஊர் சுத்துனதோ, எந்தக் காரணமா இருந்தாலும் கணக்குல வரும். மாசம் 2 நாள்தானேன்னு தோணும், அதுவே வருஷத்துக்கு 18 நாள். கொரோனாவுக்கு முன்னாடி இந்தக் கணக்கு சுமார் 15 சதவீதம். 2021-22ல் சுமார் 28 சதவீதம்.

சரி, வராத பிள்ளையை என்ன செய்யறது? இங்கதான் அரசியல் வருது.

கலிபோர்னியாவில் 2011ல் ஒரு சட்டம் அமலுக்கு வந்துச்சு. தகுந்த காரணம் இல்லாம 10 சதவீத நாள் பிள்ளை வரலைன்னா, பெற்றோருக்கு 2,000 டாலர் வரை அபராதம், ஒரு வருஷம் வரை சிறைன்னு அதுல இருந்துச்சு. இதுக்கு முன்னாடி நின்னவங்க அப்போ சான் பிரான்சிஸ்கோ அரசு வழக்கறிஞரா இருந்த கமலா ஹாரிஸ். ஆமா, நம்ம துளசேந்திரபுரத்து வேர் உள்ளவங்கதான். அவங்க நோக்கம் பிள்ளை பள்ளிக்கு வரணும்கிறது. ஆனா வேற சில மாவட்டங்களில் பெற்றோரைக் கைதே செஞ்சாங்க. அப்படி நடந்ததுக்கு வருந்துறேன்னு 2019ல் அவங்களே சொன்னாங்க.

இன்னொரு பக்கம் பாருங்க. செயின்ட் லூயிஸ் பகுதிப் பள்ளிகளில் 2015ல் வேர்ல்பூல் கம்பெனி வாஷிங் மெஷின் வச்சுக் கொடுத்துச்சு. துவைச்ச துணி இல்லாம, கூச்சப்பட்டு வீட்டுல இருந்த பிள்ளைங்களுக்காக. போலீஸ் அனுப்பியிருந்தா இந்தக் காரணம் வெளியே வந்திருக்குமா? உட்கார்ந்து கேட்டாத்தானே பிள்ளை சொல்லும்!

நம்ம ஊர்லயும் இப்போ வருகைப்பதிவு எமிஸ்ல ஏறுது. அதனால பள்ளி மேலாண்மைக் குழுக் கூட்டத்துக்குப் போற தோழர்கள் சராசரி எவ்வளவுன்னு கேட்டுட்டு எழுந்து வந்துடாதீங்க. 10 நாளுக்கு ஒரு நாள் வராத பிள்ளைங்க எத்தனை பேர், ஏன் வரல, யாராவது வீட்டுக்குப் போய்ப் பார்த்தாங்களான்னு கேளுங்க. பிள்ளைங்க பேரை மட்டும் வாட்ஸ்அப் குரூப்ல போட்டுடாதீங்க.