குற்றாலத்தில் குளிக்காமல் திரும்பிய மூன்று பேர்

(நமது சங்கத்தின் பொதுக்கூட்டத்தில், குற்றாலச் சுற்றுலா பற்றிய விவாதத்தின்போது பேசியது)



ஜூலையில் குற்றாலத்துக்கு வேன் வைத்துப் போவதாகச் சுற்றுலாக் குழு முடிவு செய்திருக்கிறது. தென்காசியில் ஒன்பது வருடம் வங்கியில் குப்பை கொட்டியவன் என்பதால், "சார், நாலு வார்த்தை சொல்லுங்க" என்று செயலாளர் கேட்டார். நாலு வார்த்தையில் முடியாது. ஒரு ராத்திரியின் கதையைச் சொல்கிறேன். உங்களுக்கு வேண்டிய குறிப்பெல்லாம் அதிலேயே வந்துவிடும்.

1992, ஜூலை மாதம் ஒரு சனிக்கிழமை. என்னோடு பி.காம். படித்த இரண்டு பேர் கொல்லம் மெயிலில் சென்னையிலிருந்து வந்து இறங்கினார்கள். ஒருவன் ஆடிட்டர். இன்னொருவன் எங்கள் வங்கியிலேயே என்னோடு கிளார்க்காகச் சேர்ந்து, பிரமோஷன் வாங்கி ஆபீசர் ஆனவன். நானோ பிரமோஷன் பரீட்சைக்கு விண்ணப்பமே போடாதவன். ஆபீசர் ஆனால் எந்த மாநிலத்துக்குத் தூக்கிப் போடுவார்கள் என்று தெரியாது. கிளார்க்காக இருந்தால் தென்காசியிலேயே இருக்கலாம். "நீ ஒரு மக்கு" என்று இருவரும் கடிதம் எழுதுவார்கள். "வந்து ஒரு ராத்திரி இருந்து பாருங்கடா, அப்புறம் பேசுங்க" என்று நானும் பதில் எழுதுவேன். ஆகவே அந்த ராத்திரி எனக்கு ஒரு பரீட்சை மாதிரி.

அப்போது சனிக்கிழமை அரை நாள் வேலை. அன்றைக்கென்று கேஷில் பதினோரு ரூபாய் இடித்தது. அதைக் கண்டுபிடித்துக் கிளம்ப மணி நான்காகிவிட்டது. (ஒரு வவுச்சரில் 65-ஐ 76 என்று போட்டிருந்தேன்.) நண்பர்கள் துண்டும் கையுமாகத் திண்ணையில் உட்கார்ந்திருந்தார்கள்.

குற்றாலம் தென்காசியிலிருந்து ஐந்து கிலோமீட்டர்தான். ஜூன் முதல் ஆகஸ்ட் வரை, கேரளத்துத் தென்மேற்குப் பருவமழை செங்கோட்டைக் கணவாய் வழியாகக் காற்றும் சாரலுமாக இந்தப் பக்கம் எட்டிப் பார்க்கும். அதுதான் சீசன். ஆனால் சீசன் என்று காலண்டரில் போட்டிருப்பதால் மட்டும் அருவி விழுந்துவிடாது. பத்து நாளாக மேலே மழை இல்லை. பேரருவியில் பாறை தெரிந்தது. ஓரத்தில் குழாயைப் பாதி திறந்தது போலக் கொஞ்சம் தண்ணீர். அதற்கு ஒரு பெரிய வரிசை.

"கவலைப்படாதீங்க, முதல்ல எண்ணெய் தேய்ச்சுக்குவோம்" என்றேன். இது நான் செய்த தப்பு. அப்போது அங்கே பாறையில் உட்கார வைத்து எண்ணெய் தேய்த்துவிடுபவர்கள் இருந்தார்கள். உச்சியிலிருந்து உள்ளங்கால் வரை மூன்று பேருக்கும் அரைமணி நேரம் தேய்த்தார்கள். பளபளவென்று வரிசையில் போய் நின்றோம். எங்களுக்கு முன்னால் ஏழெட்டுப் பேர்தான் பாக்கி. அப்போது மலைமேல் கறுத்தது. தண்ணீர் செம்மண் நிறத்துக்கு மாறியது. போலீஸ்காரர் விசில் ஊதினார். ஐந்து நிமிடத்தில் கயிறு கட்டி, குளிக்கத் தடை போட்டுவிட்டார்கள். இவ்வளவு நேரம் தண்ணீர் இல்லாமல் குளிக்கவில்லை. இப்போது தண்ணீர் அதிகமாகிக் குளிக்க முடியவில்லை!

இங்கே சிரிப்பை நிறுத்திக்கொண்டு ஒன்று சொல்லிவிடுகிறேன். 2024 மே மாதம் பழைய குற்றாலத்தில் திடீர் வெள்ளம் ஒரு பள்ளி மாணவனை அடித்துக்கொண்டு போனதைப் பேப்பரில் படித்திருப்பீர்கள். நிற்கும் இடத்தில் மழை இல்லாவிட்டாலும் மேலே பெய்தால் தண்ணீர் வந்துவிடும். விசில் சத்தம் கேட்டால் துண்டைக்கூடத் தேடாமல் வெளியே வந்துவிட வேண்டும்.

சரி, எண்ணெயோடு செங்கோட்டை பஸ் ஏறினோம். கண்டக்டர் எங்களைப் பார்த்து, "அண்ணாச்சி, சீட்ல உக்காராதீக" என்றார். நின்றுகொண்டே போனோம். பிரானூர் பார்டரில் பரோட்டாவும் நாட்டுக்கோழியும் வாங்கித் தருவதாக இரண்டு வருடமாக எழுதிக்கொண்டிருந்தேன். "கோழி தீந்துட்டு, சால்னாவும் தீந்துட்டு. பரோட்டா நாலு கெடக்கு" என்றார் கடைக்காரர். சீனி தொட்டு நாலு பரோட்டாவை மூன்று பேர் தின்றோம். நாலாவதை ஆடிட்டர் சமமாகப் பங்கு பிரித்தான். தொழில் அப்படி.

மிச்சம் இருந்தது செகண்ட் ஷோ. அப்போதெல்லாம் ஒரே பெட்டியை இரண்டு தியேட்டரில் ஓட்டுவார்கள். இங்கே ஒரு ரீல் முடிந்ததும் சைக்கிளில் அங்கே போகும். அங்கே ஓடியது இங்கே வரும். இடைவேளைக்குப் பிறகு வரவேண்டிய ரீல் வரவேயில்லை. எங்கள் முதுகு பட்ட இடமெல்லாம் எண்ணெயானதுதான் மிச்சம். படத்தில் கல்யாணம் நடந்ததா என்று எனக்கு இன்றுவரை தெரியாது. வெளியே வந்தால் கடைசி பஸ்ஸும் போய்விட்டது.

தென்காசிக்கு எட்டு கிலோமீட்டர் இருக்கும். நடந்தோம். பாதி வழியில் சாரல் பிடித்தது. அதில் எண்ணெய் போகாது, கண்ணுக்குள்தான் இறங்கும். அப்போதுதான் ஆபீசர் பைக்குள்ளிருந்து ஒரு காகிதத்தை எடுத்துக் கொடுத்தான். பிரமோஷன் விண்ணப்பம். திங்கட்கிழமை கடைசி நாள். "தங்கச்சிதான்டா எனக்கு லெட்டர் போட்டிருந்தாங்க, உன்னை எழுத வைக்கச் சொல்லி" என்றான்.

எனக்குக் கொஞ்ச நேரம் பேச்சு வரவில்லை. என் மனைவிக்கும் தென்காசியே போதும் என்றுதான் நான் நினைத்திருந்தேன். கேட்டதில்லை.

வீட்டுக்கு வந்தபோது மணி மூன்று. கதவைத் திறந்தவள் மூன்று பேரையும் ஏற இறங்கப் பார்த்தாள். "குற்றாலத்துல தண்ணி இல்லன்னா என்ன, நம்ம கொல்லையில தொட்டி நிறைய இருக்கு" என்று சீயக்காய்ப் பொடியை எடுத்து வைத்தாள். விண்ணப்பத்தைப் பற்றி அவளும் பேசவில்லை, நானும் பேசவில்லை. காலையில் எழுந்து பார்த்தால் அது துணிக்கொடியில் காய்ந்துகொண்டிருந்தது.

நண்பர்களைக் காசி விசுவநாதர் கோவிலுக்கு அழைத்துப் போனேன். கோபுரத்தைத் தாண்டி உள்ளே போகும்போது ஆளைத் தள்ளுகிற காற்று ஒன்று அடிக்கும். அது மட்டும்தான் நான் எழுதியபடியே இருந்தது. நீங்களும் தவறவிடாதீர்கள். சாயங்காலம் அவர்கள் ரயில் ஏறிய பிறகு அருவியில் தடையை எடுத்துவிட்டார்கள்.

அன்றிரவு விண்ணப்பத்தை எழுத உட்கார்ந்தேன். எண்ணெய்க் காகிதத்தில் பேனா ஓடவில்லை. திங்கட்கிழமை கிளையிலேயே வேறு படிவம் வாங்கியிருக்கலாம். வாங்கவில்லை. அதை என் மனைவியிடம் சொல்லப் பல வருடம் ஆயிற்று. அவள் அதோ மூன்றாவது வரிசையில் உட்கார்ந்திருக்கிறாள். "இதையெல்லாம் ஏன் இங்கே சொல்றீங்க" என்று பார்ப்பது தெரிகிறது.

சுற்றுலாக் குழுவுக்கு ஒரு விண்ணப்பம். வேனில் இரண்டு சீட் விருந்தினருக்கு ஒதுக்க வேண்டும். கட்டணத்தை நான் கட்டிவிடுகிறேன். ஆபீசருக்கு முழங்கால் வலி, ஆனாலும் வருகிறேன் என்றான். ஆடிட்டர் ஒரே ஒரு நிபந்தனை போட்டிருக்கிறான்: தண்ணீரைக் கண்ணால் பார்க்காமல் எண்ணெய்க்காரர் பக்கமே போகக் கூடாதாம்.